செக்போஸ்ட் அண்ணனும் மச்சான் பார்த்த ஏணியும்

பிள்ளைகளா, உங்கள் மாமா லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "மாப்ள, ஏணி பத்திரமா இருக்கா?" என்று என்னைக் கேட்கிறார். உடனே உங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விடுகிறாள். ஏன் என்று சின்னவள் கேட்டாள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் செக்போஸ்ட் அண்ணனைச் சொல்ல வேண்டும். அவர் இல்லையென்றால் அந்த ஏணிக் கதை இல்லை, இந்த வீட்டில் உங்கள் அம்மா இல்லை, கேள்வி கேட்க நீங்களும் இல்லை.

ஆண்டிபட்டிக் கணவாயிலிருந்து குமுளி மலை வரைக்கும் அவரைப் போல ஒரு காவல்காரர் பிறந்ததில்லை. இத்தனைக்கும் அவர் போலீஸ் இல்லை, வனத்துறை இல்லை. நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கம்பெனியில் கம்ப்யூட்டர்களையும் இன்டர்நெட்டையும் பார்த்துக்கொண்டவர். கறுத்த, கனத்த மனிதர். சட்டைப் பையில் நான்கு நிறத்தில் பேனா. வெளி உலகத்திலிருந்து எங்கள் ஆபீஸுக்குள் வரும் எதுவும் அவர் வைத்திருந்த ஒரு பெட்டியைத் தாண்டித்தான் வர வேண்டும். அதற்குப் பெயர் ஃபயர்வால். நான் சேர்ந்த முதல் நாள் அதை எடுத்துவரச் சொன்னபோது, தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, குமுளி அடிவாரத்துல, லோயர் கேம்ப்புல செக்போஸ்ட் பாத்திருக்கியா? இது அதான். வண்டிக்குப் பதிலா இதுல இன்டர்நெட் ஓடுது" என்றார்.

அந்தப் பெட்டி எதையும் மூன்று கேள்வி கேட்டுத்தான் விடுமாம். எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், என்ன கொண்டு போகிறாய். மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் உள்ளே. ஒன்று பிசகினாலும் வெளியே. பெட்டி கேட்டால் பரவாயில்லை. நாளடைவில் பெட்டிக்கு எது வேலை, இவருக்கு எது வேலை என்று இவருக்கே தெரியாமல் போய்விட்டது. அந்தப் பெட்டி இருந்த சர்வர் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் கேட்க ஆரம்பித்தார். டீ கொண்டுவருகிறவர் தினமும், "கடையில இருந்து, உங்களுக்கு, டீ" என்று மூன்று பதிலையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுத்தான் டம்ளரை வைப்பார். ஒருநாள் முதலாளியே வந்தார்.

"எங்கேருந்து வர்றீக?" என்றார் அண்ணன், எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு.

"ஏலே, என் ரூம்ல இருந்துதான்டா வாறேன்."

"எங்க போறீக?"

முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை. "உன் ரூமுக்கு" என்றார். என்ன கொண்டு வருகிறீர்கள் என்ற கேள்விக்கு, கையில் இருந்த ஏலக்காய்ப் பையைத் தூக்கிக் காட்டினார். அதன் பிறகு அவரும் டீக்காரரைப் போல ஒப்பித்துவிட்டே உள்ளே போகப் பழகிக்கொண்டார். செக்போஸ்ட் என்று பெயர் வைத்ததும் முதலாளிதான். உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்கு மறந்துவிட்டது.

ஒருமுறை நானும் அவரும் குமுளிக்குப் பஸ்ஸில் போனோம். நிஜமான செக்போஸ்டில் வண்டி நின்றது. சோதனை செய்ய ஏறியவர் அண்ணனிடம், பையில் என்ன என்று கேட்டார். அண்ணன் மோடம் என்று சொல்லிக் காட்டினார். அவர் சரி என்று அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார். அண்ணன் விடவில்லை. "சார், மத்த ரெண்டு கேள்வி கேக்கலையே" என்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் நல்லவர். திரும்பி வந்து இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். ஊர் திரும்பும் வரை அண்ணன் முகத்தில் பண்டிகை.

இப்படியிருக்கையில் முதலாளி வீடியோவில் பேசும் ஏற்பாடு ஒன்றை வாங்கினார். பெரிய டிவி, அதன் தலையில் ஒரு கேமரா, மேஜை நடுவில் ஆமை மாதிரி ஒரு மைக். தேனியில் உட்கார்ந்தபடியே போடி குடோனிலும் குமுளி குடோனிலும் ஏலக்காயைத் தட்டில் கொட்டித் தரம் பார்க்கலாம். எந்த நம்பரை அடித்தால் அழைப்பு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று வழி போட்டுக் கொடுப்பது அண்ணன் வேலை. எந்த பஸ் எந்தப் பாதையில் போகணும் என்று எழுதி வைப்பது போலத்தான் என்பார். சோதனைக்காக, தெரியாத நம்பர் எது வந்தாலும் குமுளிக்கு அனுப்பு என்று ஒரு வழி போட்டு வைத்திருந்தவர், அதை எடுக்க மறந்துவிட்டார்.

வடக்கேயிருந்து வந்த பெரிய வியாபாரிகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முதலாளி எங்கோ வெளியூர் நம்பரை அடித்தார். திரையில் விரிந்தது குமுளியில் காய் பொறுக்கும் கூடம். மதியச் சாப்பாட்டு நேரம். இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்திருந்தார்கள். ஒரு சேச்சி கேமராவைப் பார்த்து, மத்தி மீன் துண்டை நீட்டி, "முதலாளி, ஊணு கழிச்சோ?" என்று சாப்பாட்டை விசாரித்தார். முதலாளி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "இல்லம்மா, இனிமேத்தான்" என்றார். வியாபாரிகள் அதற்குப் பிறகுதான் சிரித்துப் பேசிக் காய் வாங்கினார்கள். ஆனால் அண்ணன் அன்று சாப்பிடவில்லை. தெரியாத விலாசம் எதுவும் இனி எங்கேயும் போகக் கூடாது, எங்கேயிருந்தும் உள்ளே வரவும் கூடாது என்று பெட்டியை இறுக்கிப் பூட்டினார்.

அந்தப் பூட்டில்தான் என் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

கம்பத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண். அதாவது உங்கள் அம்மா. அப்பா இல்லாத வீடு. அண்ணன் துபாயில் உழைத்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர். மாப்பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேசாமல் தங்கையைக் கொடுக்க மாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அவர் சரி சொன்னால்தான் கோயிலில் ஓலை வாசிக்கக் கொடுக்க முடியும். நம் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் பெயர் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்களே, அதுதான் ஓலை. மாமாவுக்கோ அடுத்த வருஷம்தான் லீவு. துபாயில் செல்போனில் படத்தோடு பேச அனுமதி இல்லை. அவர்கள் கம்பெனி மீட்டிங் அறையில் எங்கள் ஆபீஸில் இருப்பது மாதிரியே ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் அதைப் பயன்படுத்திக்கொள்ள அவருடைய அதிகாரி அனுமதித்தார். அந்த ஒரு மணி நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதை அம்மாவின் சித்தப்பா எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லியிருந்தார். கூடலூரில் அவர் பார்த்து வைத்த மாப்பிள்ளை ஒருவர் தயாராக இருந்தார். சொந்த ஜீப் உள்ளவர்.

முதலாளியிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றார். அண்ணனிடம் போய் நின்றேன்.

"எங்கேருந்து வருது?"

"துபாய்லேருந்துண்ணே."

"எங்க போகுது?"

"நம்ம மீட்டிங் ரூமுக்கு."

"என்ன கொண்டு வருது?"

"என் கல்யாணம்ணே" என்றேன்.

அவர் பெட்டிப் பக்கம் திரும்பினார். கதவை மொத்தமாகத் திறந்துவிட்டால் இரண்டு நிமிட வேலை. ஆனால் ஒரு கல்யாணத்துக்காக உலகத்துக்கே கதவைத் திறந்து வைக்க முடியாது என்றார். அந்த ஒரு விலாசத்துக்கு மட்டும், அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வழி போட்டுத் தருவதாகச் சொன்னார். ஒரு வாரம் நான்கு நிறத்திலும் கோடு கோடாக வரைந்தார். வெளியே ஒரு ஆள் நிற்பானாம். உள்ளே ஒரு ஆள் இருப்பானாம். உள்ளே இருப்பவன் முதலில் கதவைத் தட்டி வெளியே இருப்பவன் கையைப் பிடித்துக்கொள்வானாம். அழைப்பு அந்தக் கை வழியாக வருமாம். கேட்டுத் தலையாட்டினேன். எனக்குக் கூடலூர் ஜீப்தான் கண்ணுக்குள் ஓடியது.

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அம்மாவைப் பெற்ற உங்கள் பாட்டி கையில் ஜெபமாலையோடு வந்தார்கள். சித்தப்பா வெற்றிலையோடு வந்தார். ஓலை வாசிக்கும் முன்பு பெண் வெளியே வரக் கூடாது என்பதால் உங்கள் அம்மா ஊரில் வீட்டிலேயே இருந்தாள். கல்யாணத் தரகர் வாசல்வரை வந்து என் காதில் ஓதிவிட்டுப் போனார். "தம்பி, சூப்பர்வைசர்னு சொல்லுங்க. ஏணி, வயருன்னு வாயத் தெறந்தீகன்னா பொண்ணு கூடலூருக்குப் போயிரும்." நான் அப்போது பார்த்தது இப்போது பார்க்கும் அதே கரண்டு வேலைதான். ஃபேன், லைட், ஏசி, ஜெனரேட்டர்.

மணி அடித்தது. அழைப்பை எடுத்தேன். இணைந்துவிட்டது என்று திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது. படம் வரவில்லை. சத்தமும் வரவில்லை. அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

சர்வர் ரூமுக்கும் மீட்டிங் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல்தான். அண்ணன் அங்கிருந்து தலையை நீட்டி, பாட்டியிடம் விளக்கினார். "ஆத்தா, தாம்பூலத் தட்டு உள்ள வந்திருச்சு. சொந்தக்காரக வந்த வேனுதான் செக்போஸ்ட்டுல நிக்குது."

பாட்டிக்கு விளங்கவில்லை. ஜெபமாலையில் அடுத்த மணிக்குப் போனார்கள். சித்தப்பா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். "கூடலூர்ப் பையன் வீட்டு டிவியில படமாச்சும் தெரியும்."

அண்ணன் அவர்கள் இருவரையும் வெளியே உட்கார்ந்து டீ குடிக்கச் சொன்னார். எனக்கு ஒரு உத்தரவு போட்டார். டிவிக்கு எதிரே மேல் கூரைக்குள் போகும் வயரைப் பார்க்க வேண்டுமாம். ஏணியைக் கொண்டுவந்து போட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். கூரைப் பலகையைத் தள்ளி, தலையை உள்ளே விட்டு, தூசியில் தும்மி, ஒவ்வொரு வயராக அசைத்துப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

இறங்கி வந்து திரை முன்னால் நின்றேன். கறுப்புத் திரையில் என் முகம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. தலையெல்லாம் ஒட்டடை. சீப்பை எடுத்துச் சீவினேன். பல்லைப் பார்த்தேன். சிரித்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை. கொஞ்சமாகச் சிரித்தேன். அதுவும் சரியில்லை. படம் எந்த நிமிடமும் வரலாம், பேசிப் பழகிக்கொள்வோம் என்று தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டு, "வணக்கம் மச்சான். நான் இங்கன சூப்பர்வைசரா இருக்கேன்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ மாதிரி இருந்தது. குரலைக் கனமாக்கி இன்னொரு தடவை சொன்னேன். சூப்பர்வைசர் என்ற வார்த்தை வந்தவுடன் கண் தானாகக் கீழே போனது. நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் திரையைப் பார்த்துச் சொன்னேன்.

"வணக்கம். நான் கரண்டு வேலை பாக்குறேன். ஏணி ஏறுற வேலைதான். இதுவரைக்கும் கீழ விழுந்ததில்ல. உங்க தங்கச்சியையும் விழாம பாத்துக்கிருவேன்."

சொல்லி முடித்து எச்சில் விழுங்குவதற்குள் திரை வெளிச்சமானது. உங்கள் மாமா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அலறிக்கொண்டு எழுந்தேன். பாட்டியும் சித்தப்பாவும் உள்ளே ஓடிவந்தார்கள். வணக்கம் சொல்லக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மாமா பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"மாப்ள, மொதல்ல அந்த ஏணிய மடக்கி வைங்க. அம்மாவுக்குக் கால் தட்டிரப் போகுது."

சித்தப்பா, "என்னப்பா ஏணி?" என்றார்.

"அது எங்களுக்குள்ள சித்தப்பா. கூடலூர்க்காரகளுக்கு மட்டும் விவரத்தச் சொல்லிருங்க. கோயில்ல ஓலைக்குக் குடுத்துரலாம்."

பாட்டி ஜெபமாலையை முத்தமிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணம் முடிந்த பிறகுதான் உங்கள் அம்மா சொன்னாள். எங்களுக்குத்தான் மாமா தெரியவில்லை. மாமாவுக்கு எங்கள் அறை முதல் நிமிடத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்திருக்கிறது, சத்தத்தோடு. கத்திப் பார்த்திருக்கிறார். எங்களுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் ஊரில் இருந்த தங்கைக்குச் செல்போனில் எழுதி அனுப்பியிருக்கிறார். ஆளைக் காணோம், ரெண்டு கால் மட்டும் ஏணியில் நிற்கிறது என்று. கால் எப்படி இருக்கிறது என்று இவள் கேட்டிருக்கிறாள். கால் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது தலை சீவுகிறார். முடி இருக்கிறதா? இருக்கிறது, கொஞ்சம். படம் தெரிகிறது என்று பாட்டிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடட்டுமா என்று மாமா கேட்டதற்கு, "வேணாம்ணே, இன்னுங் கொஞ்ச நேரம் பாரு" என்று எழுதியவள், உங்களுக்குத் தினமும் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்துகிற இதே அம்மாதான்.

இது தெரிந்த மறுநாள் நேரே செக்போஸ்ட் அண்ணனிடம் போனேன். மூன்று கேள்விக்கும் பதில் சொல்லி உள்ளே போய், என்னதான் நடந்தது என்று கேட்டேன். மச்சான் பெயரில் இருந்த விலாசத்துக்கு அவர் அனுமதி கொடுத்திருந்தாராம். அழைப்பு அந்த விலாசத்தில் வந்ததாம். படமும் சத்தமும் வேறு விலாசத்திலிருந்து வந்ததால் பெட்டி நிறுத்திவிட்டதாம். தாம்பூலமும் வேனும் கதை அதுதான். அந்த இரண்டாவது விலாசத்துக்கும் அவர் வழி போட்ட பிறகுதான் எங்களுக்குப் படம் வந்ததாம். ஆனால் உள்ளேயிருந்து வெளியே போவதற்குத் தடை இல்லை. நாங்கள் பேசியதும் ஆடியதும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

"அது உங்களுக்கு அப்பவே தெரியுமாண்ணே?"

"தெரியும். போற கணக்கு எனக்கு முன்னாடி ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு."

"வயர்ல கோளாறு இல்லைன்னும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ படம் வருதான்னு கேட்ட. போகுதான்னு கேக்கலையே."

எனக்குக் கோபம் வந்தது. அவர் பச்சை நிறப் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஏழு வருசமா உன்னப் பாக்குறேன் தம்பி. நீ வாயத் தெறந்து பேசுனா ஒளறுவ. சும்மா விட்டா நல்லா இருப்ப. அவரு கொஞ்ச நேரம் சும்மா பாக்கட்டும்னு விட்டேன்."

வாழ்க்கையில் யாரையும் கேள்வி கேட்காமல் விடாத மனிதர், அன்று ஒரு மனிதனைக் கேள்வியே கேட்காமல் கடந்து போக விட்டிருக்கிறார்.

கல்யாணத்துக்கு முன்பு ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் அவர் கோயிலுக்கு வந்திருந்தார். அவர் நம்ம வேதம் இல்லை. தாராளமாக நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாருக்காவது தடை உண்டா என்று சாமியார் கேட்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டிச் சுற்றிப் பார்த்தார். வெளியே வந்து, "மூணு தடவை கேக்குறாக பாரு. இதுதான்யா முறை" என்று மெய்மறந்து சொன்னார். கல்யாணத்தன்று கோயில் வாசலில் அவரே நின்றுகொண்டார். கம்பத்திலிருந்து வந்த வேனில் இருந்து பாட்டி, சித்தப்பா, சொந்தபந்தம் எல்லோரும் மூன்று பதிலும் சொல்லித்தான் படி ஏறினார்கள். சித்தப்பாவை மட்டும் இரண்டு தடவை கேட்டார். கடைசியாக மணப்பெண் வந்தாள்.

"எங்கேருந்து வர்ற தாயி?"

"ஊர்லேருந்து."

"எங்க போற?"

"இவுக வீட்டுக்கு."

"என்ன கொண்டு வர்ற?"

உங்கள் அம்மா தன் கையைப் பார்த்தாள். ஒரு பூச்செண்டு இருந்தது. அதை என்னிடம் கொடுத்தாள். "ஒண்ணும் இல்லண்ணே. நான் மட்டுந்தான்" என்றாள்.

"போதும், உள்ள போ" என்றார் செக்போஸ்ட் அண்ணன்.

போன வருஷம் அவர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு ஓசூருக்குப் போய்விட்டார். அங்கே அடுக்குமாடி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாகவும், பார்சல் கொண்டுவருகிறவர்கள் மூன்று பதிலோடு வரப் பழகிவிட்டதாகவும் கேள்வி. இப்போது ஆபீஸில் புதிய ஏற்பாடு. ஒரு லிங்க் வருகிறது, தொட்டால் யார் முகமும் வந்துவிடுகிறது. சர்வர் ரூமில் பெட்டி இருக்கிறது, வாசலில் நாற்காலி இல்லை.

நேற்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு லைட்டை அணைத்துக்கொண்டே வந்தேன். கடைசியாக சர்வர் ரூம் ஏசியைப் பார்க்க வேண்டும். கதவில் கை வைத்தவன் கையை எடுத்துக்கொண்டேன். ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். "அல்லிநகரத்து வீட்டுலேருந்துண்ணே. உள்ள. ஒண்ணும் கொண்டு வரல, நான் மட்டுந்தான்" என்றேன். அவர் பதில் சொல்ல ஆகும் நேரம் வரைக்கும் நின்றுவிட்டு, கதவைத் திறந்தேன்.